யார் சொன்ன வார்த்தை? – மேற்கோளும் ஸத்யமும்

அருளிச்செயல் வ்யாக்யானங்களை வாசிக்கப் புகுந்தவர்கள் எவரும் முதலில் கண்டு வியப்பது, அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருக்கும் ப்ரமாண வாக்யங்களையே. ச்ருதி, ஸ்ம்ருதி, இதிஹாஸ புராணங்கள், ஆழ்வார்களின் மற்றைப் பாசுரங்கள், முன்புள்ள ஆசார்யர்களின் ஐதிஹ்யங்கள் ஆகிய அனைத்தும் ஒரே வாக்யத்துக்குள் வந்து கலக்கும். பிறர் சொல்லை எடுத்தாளாமல் நம் ஆசார்யர்கள் ஒரு பத்தி கூட அருளிச்செய்ததில்லை என்னலாம். ஆகவே மேற்கோள் என்பதை ஏதோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் விஷயம் என்று நாம் தள்ளிவிட முடியாது. பிறர் சொன்னதை எப்படிச் சொல்லவேண்டும், எவ்வளவு சொல்லவேண்டும், யார் பெயரால் சொல்லவேண்டும் என்கிற கேள்வி ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையைத் தொடுவது.

இன்று இக்கேள்வி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. திவ்யப்ரபந்தத்தையும் வ்யாக்யானங்களையும் ஆராய்ந்து கட்டுரை எழுதும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். மிகவும் உகக்கத்தக்க செய்தி. அவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் விதிமுறைக் கையேடுகளைத் தருகின்றன. ஏ.பி.ஏ. என்கிற முறைப்படி 40 சொற்களோ அதற்கு மேலோ உள்ள மேற்கோளைத் தனிப்பத்தியாக உள்ளே தள்ளி, மேற்கோட்குறியில்லாமல் இடவேண்டும். எம்.எல்.ஏ. முறையில் உரைநடை நான்கு வரிக்கு மேலும், செய்யுள் மூன்று வரிக்கு மேலும் போனால் தனிப்பத்தி. சிகாகோ முறையில் ஏறக்குறைய 100 சொற்கள் எல்லை. விட்ட சொற்களுக்கு மூன்று புள்ளி. எழுதுபவர் தாமே சேர்க்கும் சொல்லுக்குச் சதுர அடைப்பு. பிழையென்று தெரிந்தும் மூலத்தில் உள்ளபடியே தரும் இடத்துக்கு ஒரு தனிக்குறிப்பு. எல்லாவற்றுக்கும் பக்க எண். (நான்கடிப் பாசுரம் ஒன்றை முழுதும் எடுத்தால் எம்.எல்.ஏ. கணக்கில் அது எப்போதும் தனிப்பத்தியே. ஆனால் சொற்களை எண்ணும் கணக்கு தமிழுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக விரிவதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடும்.) இவ்விதிகளை அடியேன் குறை சொல்ல வரவில்லை. இவை எந்த தர்மத்துக்கு வேலியாக இடப்பட்டனவோ, அந்த தர்மம் எது என்பதே ஆராயத்தக்கது. வேலியைப் பழுதின்றிப் போட்டுவிட்டுப் பயிரை மறந்தவர்களும் உண்டு. வேலியே இல்லாமல் பயிரைக் காத்தவர்களும் உண்டு.

முதலில் நம் மொழியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஓலைச்சுவடிகளில் மேற்கோட்குறி கிடையாது. வடமொழியில் 'இதி' என்பதும் தமிழில் 'என்று', 'என' என்பனவும் அந்தப் பணியைச் செய்தன. இவை அனைத்தும் மேற்கோள் முடியும் இடத்தில் நிற்பவை. தொடங்கும் இடத்தைக் காட்ட ஒரு சொல்லும் இல்லை. வ்யாக்யானங்களில் 'என்கிறபடியே', 'என்னக்கடவதிறே' என்று வரும்போது, பிறர் சொல் இங்கே முடிந்தது என்று தெரிகிறது. அது எங்கே தொடங்கிற்று என்பது படிப்பவருடைய அறிவுக்கே விடப்பட்டது. அச்சுப்புத்தகத்தில் பதிப்பாசிரியர் தொடக்கக்குறியை இடும்போது அவர் அச்சுவேலை மட்டும் செய்யவில்லை, ஓர் அர்த்தநிர்ணயமே செய்கிறார். ஒரு சொல் முன்னே குறியிட்டால் ஆசார்யருடைய சொல் ஆழ்வாருடையதாகிவிடும். ஒரு சொல் பின்னே இட்டால் ஆழ்வாருடைய சொல் ஆசார்யருடையதாகிவிடும். அந்தச் சிறு குறிக்குள் எத்தனை பொறுப்பு இருக்கிறது என்பதைப் பதிப்புவேலை செய்தவர்களே அறிவர்.

பூர்வர்கள் பெரும்பாலும் நூற்பெயரையும் சொல்வதில்லை. இது அசட்டையா? அன்று. திருவரங்கத்தில் நம்பிள்ளையின் கோஷ்டியில் இருந்தவர்களுக்கு நாலாயிரமும் இராமாயணமும் ஸ்ரீவிஷ்ணுபுராணமும் நெஞ்சில் இருந்தன. முதற்குறிப்பைச் சொன்ன மாத்திரத்தில் அவர்கள் இடத்தை அறிந்தார்கள். கேட்பவருடைய நெஞ்சே அடிக்குறிப்பாக இருந்த காலம் அது. அங்கே நூற்பெயர் சொல்வது, பெற்ற தகப்பனாரைப் பெயரும் ஊரும் சொல்லிப் பிள்ளைக்கு அறிமுகம் செய்வது போலாகும்.

இதற்கு எல்லையான உதாரணம் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிச்செய்த ஆசார்யஹ்ருதயம். 234 சூர்ணிகைகள் கொண்ட அந்த க்ரந்தம் பெரும்பாலும் ஆழ்வார்களின் திருவாக்கில் உள்ள சொற்களையே கோத்து அமைந்தது. எங்கும் ஒரு குறி இல்லை, ஓர் எண் இல்லை. இக்காலத்து விதிமுறைக் குழு ஒன்றின்முன் அதை வைத்தால், கணினியில் சோதித்துப் பார்த்து முக்காற்பங்கு பிறருடையது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்! இது வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஒரு நல்ல கேள்வி அடங்கியிருக்கிறது. பிறர் சொல்லைக் குறியிடாமல் எடுப்பது திருட்டு என்றால், நாயனார் செய்தது ஏன் திருட்டு அன்று?

அடியேனுக்குத் தோன்றும் ஸமாதானம் இது. திருடுகிறவன், படிப்பவர் மூலத்தைக் கண்டுகொண்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறான். நாயனாரோ, கண்டுகொள்ளவேண்டும் என்று விரும்புகிறார். ஆழ்வாருடைய சொல் என்று அறியாமல் படித்தவனுக்கு ஆசார்யஹ்ருதயத்தில் பாதி ரஸம் கூடக் கிட்டாது. சொல் வந்த பாசுரமும் அதன் ப்ரகரணமும் நெஞ்சில் ஓடினால்தான் சூர்ணிகையின் பொருளே விளங்கும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கள்ளனும் கண்ணயர்ந்த குழந்தையும் கண்மூடிக் கிடப்பது ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றாகுமோ? ஆக, மேற்கோள் விஷயத்தில் தர்மம் குறியில் இல்லை. படிப்பவருக்கு உண்மை தெரியவேண்டும் என்கிற விருப்பத்தில் இருக்கிறது.

இப்படிச் சொன்னால் உடனே ஒருவர் கேட்கக்கூடும்: "அப்படியாகில் நாமும் குறியிடாமல் எழுதலாமே? விருப்பம் நல்லதாக இருந்தால் போதாதோ?" போதாது. படிப்பவர் மாறிவிட்டார். விருப்பம் அதுவேயானாலும், இன்றைய வாசகருக்கு உண்மை தெரியவேண்டுமானால் குறியும் எண்ணும் வேண்டும். இதை நமக்குச் செய்து காட்டியவர் பல்கலைக்கழகத்தார் அல்லர், நம் மணவாளமாமுனிகளே.

1370இல் அவதரித்த மாமுனிகள், ஈட்டில் எடுக்கப்பட்டிருக்கும் ப்ரமாணங்களின் மூலங்களைத் தேடித் திரட்டி 'ஈட்டுப் ப்ரமாணத்திரட்டு' என்று ஒரு தொகுப்பை உண்டாக்கியருளினார். இதன் பெருமையை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. அவர் ஸ்வதந்த்ரமாக க்ரந்தங்கள் செய்ய வல்லவர், செய்தவர். அப்படிப்பட்டவர் மற்றோர் ஆசார்யருடைய க்ரந்தத்துக்கு, இக்காலத்தில் ஆராய்ச்சி மாணவன் சலித்துக்கொண்டே கடைசி வாரத்தில் செய்யும் வேலையைத் தாமே அமர்ந்து செய்தார். நம்பிள்ளை காலத்துக்கும் அவர் காலத்துக்கும் நடுவே திருவரங்கம் பட்ட பாடு நாம் அறிந்ததே. பெருமாளே திருவரங்கத்தை விட்டு எழுந்தருளி, பல்லாண்டுகள் கழித்துத் திரும்பி எழுந்தருளவேண்டியிருந்த காலம். சுவடிகள் சிதறின, நெஞ்சிலேயே நூல்களைச் சுமந்திருந்த பெரியோர் மறைந்தார்கள். கேட்பவருடைய நெஞ்சை அடிக்குறிப்பாக நம்பியிருக்க இனி இயலாது என்று அவர் திருவுள்ளம் பற்றியிருக்கவேண்டும் என்பது அடியேனுடைய ஊகம்.

இதற்கு எதிர்முகமான நிலையைத் தமிழ் நூற்பதிப்பில் காண்கிறோம். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சொல்லாமல் காட்டிய மேற்கோள்களுக்கு இடம் தேடி அலைந்ததைத் தம் சரித்திரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் தேடலே அவரைப் பழைய நூல்களுக்கு அழைத்துச்சென்றது. உரையாசிரியரைக் கேட்டவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். ஐந்நூறு ஆண்டு கழித்து வந்தவருக்கு அது பெரும் புதிராயிற்று. நமக்கோ மாமுனிகள் அந்தப் புதிரைப் பெரிதும் அவிழ்த்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

மேற்கோளைப் பிழையின்றித் தரவேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சில நூல்களுக்கு மேற்கோளே கடைசிப் புகலிடம். நாதமுனிகள் அருளிச்செய்த ந்யாயதத்த்வம் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை; வேதாந்த தேசிகன் முதலானோர் எடுத்தாண்ட பகுதிகளாலேயே அதை அறிகிறோம். போதாயனருடைய வ்ருத்தியும் அவ்வாறே. வளையாபதியும் குண்டலகேசியும் புறத்திரட்டிலும் உரைகளிலும் வந்த செய்யுள்களாகவே எஞ்சின. எடுத்தாண்டவர் அன்று சொல்லை மாற்றியிருந்தால், சுருக்கியிருந்தால், தமக்கு இசைவாகத் திருத்தியிருந்தால், மூலத்தோடு ஒத்துப்பார்க்க இன்று நமக்கு வழியே இல்லை. நாம் எடுக்கும் நூலுக்கு நாம் கடைசிச் சாட்சியாக ஆகக்கூடும் என்பது எழுதுகிற நாளில் யாருக்கும் தெரிவதில்லை.

போதாயன வ்ருத்தியைச் சொன்னமையால் எம்பெருமானாருடைய ரீதியையும் இங்கே நினைக்கவேண்டும். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, போதாயனர் விரிவாகச் செய்த வ்ருத்தியைப் பூர்வாசார்யர்கள் சுருக்கினார்கள் என்றும், அவர்கள் மதத்தைப் பின்பற்றியே தாம் ஸூத்ரங்களுக்குப் பொருள் சொல்வதாகவும் அவர் தெரிவித்துவிடுகிறார். தம் நூலைத் தம்முடையதாக மட்டும் நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும் அதைக் கொள்ளவில்லை. அந்த வ்ருத்தியைக் காண அவர் கூரத்தாழ்வானோடு காஷ்மீரம் எழுந்தருளியதும், புத்தகம் திரும்பப் பறிக்கப்பட்டதும், ஆழ்வான் அதை முன்பே நெஞ்சில் வாங்கியிருந்ததும் அனைவரும் அறிந்த ஐதிஹ்யம். பின்பு ஸ்ரீபாஷ்யம் எழுதும்போது, ஸித்தாந்தத்துக்கு ஒவ்வாததாகத் தமக்குத் தோன்றிய இடத்தில் ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினாரேயொழிய, ஆசார்யர் சொன்னதைத் தாமே திருத்தி எழுதிவிடவில்லை. எழுதவுமில்லை, மாற்றவுமில்லை, நிறுத்தினார். எம்பெருமானாருடைய சீற்றத்துக்கு இலக்கானபோதும் அந்த நிலையிலிருந்து பெயரவில்லை.

இனி, இக்கட்டுரைக்கு அடியேன் நடுநாயகமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பொருள் உண்மையாக இருந்தால் போதாதா? அதை யார் சொன்னார் என்பதையும் உண்மையாகச் சொல்லியே தீரவேண்டுமா?

எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி அர்த்தம் கேட்ட வரலாற்றில் இந்தக் கேள்வி நேராகவே எழுகிறது. இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரம். ஞானத்தைத் தந்து பின்னும் இந்த உடம்போடே வைத்தாயே என்று ஆழ்வார் நொந்து பேசுவதாக ஆண்டான் அர்த்தம் ஸாதித்தார். எம்பெருமானாரோ, முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உபகாரத்தை நினைத்து உகக்கும் பாசுரங்களாயிருக்க நடுவே நோவுக்கு இடமேது என்று கருதி, சொற்களைக் கொண்டுகூட்டி, அறியாமை மிக்க அந்த நிலையிலேயே அடிமையில் அன்பைப் பிறப்பித்த உபகாரத்தைச் சொல்வதாகப் பொருள் அருளிச்செய்தார். ஆண்டான் அந்தப் பொருள் பிழையென்று வாதிக்கவில்லை. ஆளவந்தாரிடத்தில் இதைத் தாம் கேட்டதில்லை, இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி போன்றது என்று சொல்லிக் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார்.

இவ்விடத்தில் ஆண்டானைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. அடியேன் அப்படி நினைப்பதில்லை. ஆளவந்தார் திருவாக்கில் வந்தது இது, வராதது இது என்று வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. சிஷ்யருடைய பொருள் அழகாயிருக்கிறது என்று அதையும் ஆளவந்தார் வார்த்தைகளோடே கலந்து விட்டிருந்தால், பின்புள்ளவர்களுக்கு எது எவருடையது என்று தெரிய வழியில்லாமல் போயிருக்கும். அவர் காத்தது ஓர் அர்த்தத்தை அன்று, ஒரு பெயரின் மெய்ம்மையை.

திருக்கோஷ்டியூர் நம்பி எழுந்தருளி, அந்தப் பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதுண்டு என்று ஸாதித்த பின்பே காலக்ஷேபம் தொடர்ந்தது. ஸாந்தீபினியிடம் கண்ணன் கற்றாற்போலே இவர் உம்மிடம் கேட்கிறார் என்றும், ஆளவந்தார் திருவுள்ளத்தில் இல்லாதது இவர்க்குத் தோன்றாது என்றும் நம்பி தெளிவித்தார் என்பர். இங்கே நின்று யோசிக்கவேண்டும். நம்பி அப்படிக் கேட்டிராவிட்டால்? பொருள் அப்போதும் அதே பொருள்தானே; ப்ரகரணத்துக்குப் பொருந்தும் பொருத்தமும் அதேதான். அப்போது அதை எந்தப் பெயரால் வழங்குவது? எம்பெருமானாருடைய நிர்வாஹம் என்று வழங்கலாம்; ஆளவந்தாருடையது என்று வழங்க ஒண்ணாது. பின்பு மற்றொரு ஸந்தர்ப்பத்தில், ஆளவந்தாரை நேரே ஸேவிக்காத உமக்கு அவர் கருத்து எப்படித் தெரியும் என்று ஆண்டான் கேட்க, தாம் ஆளவந்தாருக்கு ஏகலவ்யனைப் போன்றவர் என்று எம்பெருமானார் அருளினாராம். நேரில் கேட்டவர் என்கிற நிலையை அவர் தமக்கு ஏறிட்டுக்கொள்ளவில்லை என்பதை இதில் நோக்கவேண்டும். எய்யும் அம்பு அர்ஜுனனுக்கு ஒத்ததானாலும் ஏகலவ்யன் தன்னை த்ரோணருடைய பர்ணசாலையில் இருந்து கற்றவனாகச் சொல்லிக்கொள்ளவில்லையே.

ஈட்டில் ஒரே பாசுரத்துக்கு இரண்டு மூன்று நிர்வாஹங்கள் வருமிடங்களில், ஆண்டான் நிர்வாஹம் இது, எம்பெருமானார் நிர்வாஹம் இது, பட்டர் அருளிச்செய்வது இது என்று பெயர் பிரித்துக் கூறியிருப்பது இந்த ஒழுக்கத்தின் பயன். நிராகரிக்கப்பட்ட அர்த்தமும் பெயரோடே காக்கப்பட்டிருக்கிறது. எட்டு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்றும் நாம் ஆண்டானுடைய பொருளை ஆண்டானுடையதாகவே அறிகிறோம்.

நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியை ஏடுபடுத்தக் கொடுத்தபோது நடந்ததும் இதற்கு இனமானதே. நம்பூர் வரதராஜர் அந்தச் சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு காவேரியை நீந்துகையில் வெள்ளத்தில் இழந்தார். ஆசார்யரிடம் கேட்டவற்றை நெஞ்சில் கொண்டு முழுதும் எழுதி, சில இடங்களில் சிறப்பான பொருள்களும் சேர அமைத்து ஸமர்ப்பித்தார். நஞ்சீயர் பார்த்து, இது நாம் எழுதினதுக்கு மேலும் இருக்கிறதே என்று வினவ, நடந்ததை நடந்தபடி விண்ணப்பம் செய்தார். நஞ்சீயர் உகந்து 'நம்பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். இந்த ஐதிஹ்யத்தை நம்பிள்ளையின் மேதைக்குச் சான்றாக எல்லாரும் சொல்கிறார்கள். அடியேனுக்கோ அவர் உண்மையை விண்ணப்பித்த அந்தக் கணமே பெரிதாகத் தோன்றுகிறது. அதன்பின் அந்த நூலில் இருப்பதை நஞ்சீயர் தம்முடையதாக அங்கீகரித்தார். அங்கீகாரம் பிறந்தது உண்மை வெளிப்பட்ட பிறகு.

அடியேன் வங்கியில் வேலை பார்த்தவனாகையால் இதை வேறொரு வழியிலும் நினைத்துப்பார்ப்பதுண்டு. காசோலையின் பின்புறம் கையொப்பமிட்டு மற்றொருவருக்கு மாற்றிக்கொடுப்பதை எண்டார்ஸ்மெண்ட் என்பர். அப்படிக் கையொப்பமிட்டவர் ஒவ்வொருவரும் அந்தப் பத்திரத்துக்குப் பொறுப்பாளியாகிறார். குருபரம்பரையில் வரும் ஓர் அர்த்தமும் இவ்வாறு கைமாறி வருவதே. வழங்குபவர் தம்முடைய பெயரையும் அதன்மேல் வைக்கிறார். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 87ஆம் பிரிவு, பத்திரத்தின் முக்கிய அம்சத்தை ஸம்மதமின்றி மாற்றினால், அந்த மாற்றத்துக்கு இசையாதவரை அது கட்டாது என்கிறது. தொகையில் ஒரு சுழி சேர்ந்தாலும் மாற்றம் மாற்றமே. ஆராய்ச்சிக் கட்டுரையில் சதுர அடைப்பு ஏன் என்று கேட்கும் மாணவர்களுக்கு அடியேன் இதைத்தான் சொல்வேன்: இது என் கை பட்ட இடம், மூலகர்த்தா இதற்குப் பொறுப்பல்லர் என்று அறிவிக்கும் சுருக்கொப்பம் அது. உபமானம் இவ்வளவுக்கே, வங்கியில் பொய்ச்சீட்டைக் கண்டுபிடிக்கச் சில வழிகளாவது உண்டு, வார்த்தையில் அதுவும் அரிது.

எல்லா விதியையும் பின்பற்றிய பொய் ஒன்று உண்டு. அதைத் தனியே சொல்லவேண்டும். உறவினர் ஒருவர் மூலமாக ஒரு மாணவருடைய கட்டுரை அடியேன் பார்வைக்கு வந்தது. அச்சுக்கோப்பு அப்பழுக்கற்றது. ஸ்ரீபாஷ்யத்திலிருந்து ஒரு பத்தி. தனிப்பத்தியாக உள்தள்ளி, பதிப்பு, பக்கம், வரி அனைத்தும் ஸரி. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பத்தி ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மஹாபூர்வபக்ஷத்தில் உள்ளது! அதாவது, ராமாநுஜர் பின்னே கண்டிக்கப்போகும் எதிர்தரப்பு வாதம். அதைக் காட்டிவிட்டு, 'ராமாநுஜரின் கொள்கை' என்று மேலே தலைப்பிட்டிருந்தார் அந்த மாணவர். அவர்மேல் குற்றமில்லை, நம் நூல்களின் அமைப்பை அவருக்குச் சொல்லிக்கொடுப்பாரில்லை. எதிர்தரப்பின் வாதத்தை அவர்களே சொல்வதைக்காட்டிலும் வலிவாக எடுத்துரைத்துப் பிறகே மறுப்பது நம் பெரியோர்களின் மரபு. எதிரியின் சொல்லை மெலிவித்துக் காட்டி வெல்வதை அவர்கள் வெற்றியாகக் கொள்ளவில்லை. மேற்கோள் தர்மத்தின் சிகரம் என்றே அதைச் சொல்லலாம். அந்த நேர்மையே, விவரமறியாத கையில் சிக்கினால், அவர்களுக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. ஈட்டிலும் இப்படியே, ஒரு சங்கையை எழுப்பும் வாக்யத்தை மட்டும் எடுத்து, ஸமாதானத்தை மூன்று புள்ளிகளுக்குள் மறைத்துவிட்டால், வார்த்தை ஆசார்யருடையதாயிருக்கும், பொருள் அவர் மறுத்ததாயிருக்கும்.

ஆகையால் எந்தப் பக்கம் என்பதோடு எந்தப் பக்ஷம் என்பதையும் எழுதவேண்டும் என்று அந்த மாணவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

எண்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நாலாயிரத்துக்குத் தொடர் எண் மட்டும் கொடுப்பது போதாது. இரண்டு திருமடல்களையும் எத்தனை பாட்டாக எண்ணுவது, இராமானுச நூற்றந்தாதியைச் சேர்த்து எண்ணுவதா என்பனவற்றில் பதிப்புகள் வேறுபடுவதால் தொடர் எண்கள் இடம் மாறும். திருவாய்மொழிக்குப் பத்து, திருவாய்மொழி, பாட்டு என்கிற மூன்றும் கொடுத்தால் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் இடத்தைக் காண்பர். சந்தி பிரித்து எழுதினால் அதையும் ஒரு வரியில் தெரிவித்துவிடலாம். வ்யாக்யானமாகில் எந்தப் பதிப்பு என்பது இன்றியமையாதது. ஈட்டைப் புருஷோத்தம நாயுடு அவர்கள் தமிழாக்கி, சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது; அரிய தொண்டு. அந்தத் தமிழாக்கத்தின் வாக்யத்தை எடுத்து 'நம்பிள்ளை வாக்கு' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது நம்பிள்ளையின் கருத்து, நாயுடு அவர்களின் வாக்கு. இருவருக்கும் உரியதை இருவருக்கும் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

இதைவிடக் கடினமானது வாய்மொழி. வடக்குத் திருவீதிப்பிள்ளை, நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை இரவில் எழுதிவைத்தார். ஒரு சொல்லும் பிசகாமல் எழுதினார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை, நம்பிள்ளைக்கே இல்லை. ஆயினும் நம் அநுமதியின்றி எழுதலாமோ என்று கேட்டு, அந்தச் சுவடிகளை வாங்கி வைத்துக்கொண்டார். பின்பு ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அது கொடுக்கப்பட்டு, ஓராண் வழியாய் வந்து, திருவாய்மொழிப்பிள்ளை மூலமாக மாமுனிகள் காலத்திலேயே உலகறிய வெளிப்பட்டது. பெரியவாச்சான்பிள்ளையோ நியமனம் பெற்று இருபத்துநாலாயிரப்படியை எழுதினார். பிழையின்மை வேறு, அநுமதி வேறு என்று இந்த இரண்டு வரலாறுகளும் காட்டுகின்றன.

இக்காலத்தில் உபந்யாஸங்களைக் கைபேசியில் பதிந்து, எழுத்தாக்கி, 'பெரியோர் கூறுவர்' என்று தலையிட்டு வெளியிடுகிறார்கள். சொன்னவருடைய பெயரும் இல்லை, இசைவும் இல்லை. இன்னும் சிலர் தமக்குத் தோன்றியதை எழுதி அதன்கீழும் 'பெரியோர் கூறுவர்' என்றே இடுகிறார்கள். முதலாவது, சொன்னவருடையதை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, சொல்லாதவர் தலையில் சுமத்துகிறது. இவற்றில் எது பெரிய பிழை? உலகம் முதலாவதைத்தான் திருட்டென்று பேசும், தண்டனையும் அதற்கே. நம் ஸம்ப்ரதாயத்துக்கு இரண்டாவதே கொடியது என்று அடியேன் கருதுகிறேன். திருடப்பட்ட வார்த்தை பெயரிழந்தாலும் மெய்யாகவே இருக்கும். எவரேனும் ஒருநாள் அதற்குரியவரைக் கண்டுபிடிக்கலாம். சொல்லாததைச் சொன்னதாக ஏற்றினாலோ, மெய்யாகச் சொன்னவையும் ஐயத்துக்கு உள்ளாகின்றன. உபதேசரத்தினமாலையின் முடிவை ஒட்டி மாமுனிகளும், பூர்வர்களிடம் கேட்டதைச் சிந்தித்து அப்படியே சொல்லாமல் தன் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி அதைச் சுத்த உபதேசமாக வந்தது என்பவரைத்தான் கடிந்து பேசுகிறார். தன் நெஞ்சில் தோன்றியதைச் சொல்வதை மாத்திரம் அவர் அங்கே பழிக்கவில்லை என்றே அடியேன் வாசிக்கிறேன். அதற்கு வேறொரு பெயரை ஏறிடுவதையே பழிக்கிறார். தோன்றியதைத் தோன்றியதாகச் சொல்லலாம். 'அடியேனுக்குத் தோன்றுகிறது' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

அவர் தாமே அப்படி நடந்தும் காட்டினார். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிச்செய்த வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லுப்தமாயிற்று. கடைசியில் சில பதிகங்களுக்கே மிஞ்சியிருந்தது. முழுவதற்கும் புதிதாக ஒரு வ்யாக்யானம் செய்ய மாமுனிகளுக்கு எந்தத் தடையும் இல்லை. செய்திருந்தால் யாரும் குறைகூறியிருக்கவும் மாட்டார்கள். அவர் இழந்த பகுதிக்கு மாத்திரம் எழுதி, பிள்ளையின் ஸ்ரீஸூக்தி கிடைத்த இடத்தில் தம் எழுத்தாணியை வைத்துவிட்டார். இன்றும் அந்தத் திருமொழியைக் காலக்ஷேபமாகக் கேட்பவர்கள் முற்பகுதியை மாமுனிகள் வ்யாக்யானமாகவும், பிற்பகுதியைப் பெரியவாச்சான்பிள்ளை வ்யாக்யானமாகவும் கேட்டுவருகிறார்கள்.